வலிக்காத வண்டி

முதல் சீட் தலையணை மாதிரி இருந்தது.
சந்தையில் பீச் பழம் பொறுக்குகிறவளைப் போல
கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன்.
இரண்டாம் கிலோமீட்டரில் அந்த மென்மை
எல்லாப் பக்கமும் ஏறிவந்து நெருக்கியது,
அதிகம் விசாரிக்கிற உறவினரைப் போல.

இரண்டாவதில் நடுவே பள்ளம் வெட்டியிருந்தது.
மூன்றாவது தோல்.
"ஆயிரம் கிலோமீட்டர் பொறு, பழகிவிடும்"
என்றான் கடைக்கார இவானோ.
யார் யாருக்குப் பழகுவது என்று சொல்லவில்லை.
நான்காவது மழையில் ஊறி நாறியது.
ஐந்தாவதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

நான் வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற நர்ஸ்.
ஃபெராரா நகரத்தின் பின்புறங்களை
என் அளவுக்கு அறிந்தவர் கிடையாது.
தளர்ந்தவை, இறுகியவை,
பஞ்சின் ஈரம் பட்டதுமே சுருங்குபவை.
"லேசாகத்தான் வலிக்கும்" என்று
நாளைக்குப் பதினான்கு முறை சொல்கிறேன்.
பிறகு வெளியே வந்து
பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறுகிறேன்.

இவானோ ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து
கடைப்படியில் போட்டு உட்காரச் சொன்னான்.
முன்னால் குனி. முழங்காலைத் தூக்கு. போதும், எழுந்திரு.
அட்டையில் இரண்டு குழிகள்.
நாற்பத்தாறு வருடம் என்னைத் தாங்கிய எலும்புகளை
அன்றுதான் நேரில் பார்த்தேன்.
நடுவே பதின்மூன்றரை சென்டிமீட்டர்.
மோதிர அளவு கேட்டிருக்கிறார்கள், செருப்பளவு கேட்டிருக்கிறார்கள்,
இதை ஒருவரும் கேட்டதில்லை.

அளவெடுத்து வாங்கிய ஆறாவதும் வலித்தது.
மூக்கைத் தாழ்த்தினோம், உயர்த்தினோம்,
ஒரு விரற்கடை பின்னால் தள்ளினோம்.
"குற்றம் உன் தெருவுடையது" என்றான்,
கூழாங்கல் பாவிய தெருவைப் பார்த்தபடி.
தெருவைக் கழற்றி மாட்ட அவனிடம் கருவி இல்லை.

நவம்பரில், போ நதியின் மூடுபனி
கோட்டைச் சுவரை விழுங்கிய ஒரு மாலை
ரயில் நிலைய வாசலில்
நூறு கறுப்பு வண்டிகளுக்கு நடுவே
என் கறுப்பு வண்டியை உருவி எடுத்தேன்.
முன்னால் கூடை இருந்தது. மணியில் துரு இருந்தது.
பூட்டு, வழக்கம்போல, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

திருமதி ஓர்லாந்தினியின் வாசலில் இறங்கியபோது
வழியில் எதையோ தவறவிட்ட மாதிரி இருந்தது.
பை இருக்கிறது. கையுறை இருக்கிறது. மருந்து?
இருக்கிறது.
மணியடிக்கக் கையைத் தூக்கிய பிறகுதான் புரிந்தது.
வலியைக் காணோம்.

வலிக்காததால் தெரிந்தது
வண்டி என்னுடையதில்லை.

ஊசியைப் போட்டுவிட்டுத் திருட்டு வண்டியில் திரும்பினேன்,
நேர்வழியில் அல்ல.
சுவரைச் சுற்றி, மிக மெதுவாக,
மோசமான தெருக்களாகத் தேடித் தேடி.
என் வண்டி அங்கேயே நின்றது, கோபமாக இருக்கலாம்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கூடையில் போட்டேன்:
"மன்னிக்கவும், ஒன்றரை மணி நேரம் எடுத்துப் போய்விட்டேன்.
இந்த சீட் எங்கே வாங்கியது? – நிவேஸ்."
கீழே தொலைபேசி எண்.

இரவு பத்து மணிக்கு ஒரு கரகரத்த குரல்,
குவால்தியேரோ, மீன்கடைக்காரர்.
"வண்டி காணாமல்போனதே எனக்குத் தெரியாது, சிஞ்ஞோரா.
அந்த சீட்டா?
வண்டியோடு வந்த சனியன் அது.
நீங்கள் கிண்டல் செய்கிறீர்கள் என்று நினைத்தேன்."

சனிக்கிழமை, நிலையத்து விளக்கடியில்
ஒரே பதின்மூன்றாம் எண் ஸ்பேனரை
மாற்றி மாற்றி வாங்கி
இரண்டு அந்நியர் தத்தம் இருக்கையைக் கழற்றினோம்.
அவருடையது இன்னும் சூடாக இருந்தது.
இருவருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

என் ஆறாவதை மாட்டிக்கொண்டு அவர்
மூடுபனிக்குள் ஒரு வட்டம் போனார்.
மணிச்சத்தம் மட்டும் சுற்றி வந்தது.
"இதுவும் வலிக்கிறது!" என்றார் முகமெல்லாம் மலர,
"ஆனால் வேறு இடத்தில்."

இவானோவின் முகவரியை எழுதிக் கொடுத்தேன்.
அட்டை அவனே தருவான் என்றேன்.